குச்சித் தேத்தண்ணி

நம் வயதுக்காரர்கள் யாராவது அண்மையில் நுவரெலியாப் பக்கம் போனீர்களா தெரியவில்லை. போயிருந்தால் அந்தக் கடையைக் கண்டிருப்பீர்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே மூங்கில் தட்டி, சுவரில் தேயிலைப் பெயர்கள்: மாட்சா, சென்சா, கென்மைச்சா, ஹோஜிச்சா. ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன என்று விளக்கம் வேறு. தேயிலைக்குள் பிறந்து, தேயிலைக்குள் பல் முளைத்து, தேயிலைக்குள்ளேயே பல் விழுந்துகொண்டிருக்கும் நமக்குத் தேயிலை என்றால் என்னவென்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாசித்து முடிக்கும்வரை எனக்குச் சிரிப்புத்தான்.

என்னை அங்கே கூட்டிப் போனது தம்பியின் மகள். அவள் அங்கேயே ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பச்சை மாவைப் பாலில் அடித்துத் தந்தார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சூடாக ஏதாவது கொடுங்கள் என்றேன். கடைப்பெண் ஒரு டின்னைத் திறந்தாள்.

அந்த வாசம் வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். வறுத்த தேயிலைக் குச்சியின் வாசம் அது. என் வாழ்நாளில் அதற்கு முன் ஒரே ஒரு பருவத்தில்தான் அதை முகர்ந்திருக்கிறேன். அந்தப் பருவத்தைப் பற்றி அதுவரை நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. வாய் திறக்க வேண்டிய அன்று திறக்காததால் வந்த கதைதான் இது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டம். மார்கழி பிறந்து, விடியற்காலையில் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெரியவர்கள் பஜனை பாடிக்கொண்டு போகும் நேரத்தில் புல்லின் மேல் பனி வெள்ளையாகக் கிடக்கும். அந்த மார்கழியில்தான் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் பச்சைத் தேயிலை செய்து பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தொழிற்சாலை என்று நாம் யாரும் சொன்னதில்லையே, ஸ்டோர்தான்.

ஸ்டோரின் வாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொழுந்தை மாடியில் வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, சூட்டில் காயவைக்கும்போது மலை முழுக்க இறங்கும் அந்தக் கருப்பு வாசம். அந்த மார்கழியில் அது நின்றுபோனது. ஜப்பான் முறையில் கொழுந்தை வாட்டக்கூடாது, புளிக்கவிடக்கூடாது. கூடையிலிருந்து இறங்கிய கையோடு ஆவியில் அவித்துவிட வேண்டும். தோட்டம் முழுக்கக் கீரை அவிக்கும் வாசம் வந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலையிலிருந்த என் அப்பா சொன்னார்: “கீர அவிக்க ஒரு ஸ்டோரு, அதுக்கு ஒரு தொர, அதுக்கு ஒரு டீமேக்கரு.” லயமே சிரித்தது.

இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்க ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து விருந்தினர் பங்களாவில் தங்கினார். நாங்கள் அவரை ஜப்பான் ஐயா என்போம். ஒல்லியான மனிதர். ஐம்பது வயது இருக்கும். கூடவே மொழிபெயர்த்துச் சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மாத்தயா வந்திருந்தார். ஜப்பான் ஐயா பேசுவதை அவர் சிங்களத்தில் சொல்வார். அதை ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் தமிழில் சொல்வார். மூன்று கை மாறி வந்து சேரும்போது பேச்சில் பாதி சிந்திப் போயிருக்கும்.

என் அம்மாவுக்கு ஸ்டோரில் குச்சி பொறுக்கும் வேலை. காய்ந்த தேயிலையைத் தட்டில் பரப்பி, அதிலுள்ள தண்டுகளை விரலால் பொறுக்கித் தள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மழை இல்லை, காலில் ஏறும் அட்டை இல்லை, முதுகில் கூடை இல்லை. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்த இடத்துக்கு ஏங்குவார்கள். அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டும் நோய் இருந்ததால் அப்பா சங்கத் தலைவரிடம் சொல்லி, தலைவர் தோட்டத்துத் தொரையிடம் சொல்லி, இரண்டு வருடம் நடந்து வாங்கிய வேலை அது.

அந்த வேலைக்கு ஒரு கட்டு இருந்தது. சாயங்காலம் வெளியே வரும்போது வாசலில் வாச்சர் நிற்பார். பெண்கள் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். சாப்பாட்டு கேரியரைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு சிட்டிகைத் தேயிலை இருந்தாலும் தோட்டப் பதிவில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும், ஏனென்றால் வேலையோடு ஒட்டியதுதான் வீடு. பொறுக்கிப் போட்ட குச்சியைக்கூட யாரும் எடுத்துக் குடித்துவிடாமல் சுண்ணாம்பு கலந்து குழியில் கொட்டினார்கள். தோட்டம் தந்த மட்டத் தூளில் நாம் தேத்தண்ணி குடித்தோம். செய்தவர்கள் வீட்டில்தான் நல்ல தேயிலை கிடையாது. அப்போது அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

ஜப்பான் ஐயா இரண்டாம் நாளே குச்சி பொறுக்கும் இடத்துக்கு வந்து, கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லி, தானும் ஒரு தட்டை இழுத்துக் குச்சி பொறுக்கினார். அம்மா அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள்: “என்னைய விட வெரசா பொறுக்குறாரு. வெரலப் பாத்தா தொர வெரலு மாதிரியே இல்ல.”

குழிக்குப் போகவேண்டிய பச்சைத் தேயிலைக் குச்சியை அவர் போகவிடவில்லை. ஸ்டோரின் பின்பக்கம் கரி அடுப்பு மூட்டச் சொல்லி, இரும்புச் சட்டியில் அந்தக் குச்சியை வறுத்தார். அப்போது நான் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். வேலி ஓரமாய் நின்று அந்த வாசத்தைப் பிடித்தேன். கருகலும் இனிப்பும் சேர்ந்த வாசம். வறுத்ததைக் கொதிநீரில் போட்டு, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றி, குச்சி பொறுக்கியவர்களுக்கே முதலில் கொடுத்தார். சீனியும் இல்லை, பாலும் இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மாதான் முதலில் குடித்தாள்.

“கொத்தமல்லித் தண்ணி மாதிரி இருக்கு. தொண்டைக்கு நல்லா இருக்கு” என்றாள். அது மூன்று கை மாறி ஜப்பான் ஐயாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் தலையைக் குனிந்து அம்மாவுக்கு வணக்கம் மாதிரி ஒன்று செய்தார். எங்கள் ஊரில் குச்சியைத் தூக்கிப் போடமாட்டோம், அது வீட்டுத் தேயிலை, கொழுந்து விருந்தாளிக்கு, குச்சி நமக்கு என்றாராம். வறுத்த அரிசியைக் கலந்து குடிக்கிற தேயிலையும் உண்டாம். வெயில் படாமல் செடியை மூடி வளர்த்து, மாவாக அரைத்துக் குடிப்பதும் உண்டாம். அரிசி போட்ட தேத்தண்ணி என்றதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் அவர் ஊர் இனிப்பு ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். கறுஞ்சிவப்பாக, அல்வா மாதிரி பளபளப்பாக இருந்தது. அம்மா தன் துண்டில் பாதியை வெற்றிலையில் மடித்து, வாச்சரிடம் காட்டி, அனுமதி வாங்கி எனக்கும் தம்பிக்கும் கொண்டுவந்தாள். “கவுப்பிப் பயற அவிச்சுச் சீனி போட்டுக் கிண்டியிருக்காங்க. நம்ம மோதகத்துக்குள்ள வைக்கிறதுதான், வேற ஒன்னுமில்ல” என்று கண்டுபிடித்தாள். மறுநாள் பிள்ளையாருக்குப் படைத்த மோதகத்தில் ஐந்தை எடுத்துப் போய் அவருக்குக் கொடுத்தாள். கடித்துப் பார்த்தவர் உள்ளே இருந்த பயற்றம் பூரணத்தைக் கண்டு வெகுநேரம் சிரித்தாராம். அன்றிலிருந்து “அம்மா, அம்மா” என்று தமிழில்தான் கூப்பிடுவாராம். அம்மா அந்த மாதம் போல் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணம் முடித்துத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் வேலையைப் பார்த்து யாரும் தலை குனிந்ததில்லை.

ஜப்பான் ஐயா புறப்படும் நாள் வந்தது. பொங்கலுக்கு நாலைந்து நாள் இருந்திருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு ஸ்டோரில் தொரை, டீமேக்கர், ஆபீஸ் ஐயாமார் எல்லோருக்கும் பிரியாவிடைத் தேத்தண்ணி. மூன்று மணி போல நான் லயத்துக்குக் கீழே பீலியில் தண்ணீருக்குக் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மண் பாதையில் ஜீப் வந்து, என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஜப்பான் ஐயா இறங்கி வந்தார். உள்ளே கொழும்பு மாத்தயா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா மகள்?” என்று கேட்டார். சோறு கொண்டுபோகும்போது என்னைப் பார்த்திருக்கிறார். நான் தலையாட்டினேன். நீலத்தில் அலை அலையாய்க் கோடு போட்ட ஒரு துணியில் முடிந்த சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த வயதுவரை யாரும் எனக்கு எதையும் இரண்டு கையால் தந்ததில்லை. பெட்டியின் மேல் ஒரு அட்டை இருந்தது. கறுப்பு மையில் மேலிருந்து கீழாக எழுத்து, ஓரத்தில் சதுரமாக ஒரு சிவப்பு முத்திரை. அந்த அட்டையை விரலால் தட்டி, ஸ்டோர் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, “அம்மா, அம்மா” என்றார். ஜீப் போய்விட்டது.

பெட்டியைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். காரணம் இருந்தது. அதற்கு முந்திய மாதம்தான் ரோட்டில் போன வெள்ளைக்காரர்களின் வேன் எறிந்த டொபி மிட்டாயைப் பொறுக்கி வாயில் போட்டேன் என்று அம்மா என்னை மிலாறால் விளாசியிருந்தாள். மிலாறு தெரியும்தானே, கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் கிளை, அடுப்புக்கும் அதுதான், அடிக்கும் அதுதான். “கண்டவன் குடுத்தா கைய நீட்டுவியா” என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அதற்கும் முன்னால் பள்ளியிலிருந்து ஒரு கலர் சோக்குக்கட்டியை எடுத்துவந்து பிடிபட்டு, அதற்கும் வாங்கிக் கட்டியிருந்தேன். வீட்டில் என் பேர் ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது.

காம்பராவுக்குப் பின்னால் மிலாறுக் குவியலுக்குள் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஆறு இனிப்பு. இலை மாதிரி அச்சில் அழுத்திய பச்சை மாவு. வாயில் வைத்ததும் கரைந்தது. முதலில் இனித்தது, கடைசியில் நாக்கின் அடியில் கொஞ்சம் கசந்தது. தம்பிக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நாலைத் தின்றுவிட்டேன். மிச்சத்தை நாளைக்கு என்று துணியில் முடிந்து குவியலுக்குள் சொருகினேன். அட்டை மட்டும் தடிப்பாக, அழகாக இருந்ததால் பள்ளிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

இருட்டுவதற்கு முன் தம்பி மூச்சு வாங்க ஓடிவந்தான். “அம்மாவ வாச்சரு புடிச்சு வச்சிருக்காரு. கேரியருக்குள்ள டின்னு இருந்துச்சாம்.”

அப்பா கவ்வாத்துக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். இருவரும் திரும்பி வரும்போது அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. நடந்தது இதுதான். ஐயாமார் பிரியாவிடைக்குக் கூடிக்கொண்டிருந்த நேரத்தில் ஜப்பான் ஐயா குச்சி பொறுக்கும் இடத்துக்கு வந்து, தானே வறுத்த குச்சித் தேயிலையை ஒரு டின்னில் போட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அவர் கொழும்புக்குப் போக வைத்திருந்த மாதிரி டின்களில் ஒன்று. மற்றப் பெண்கள் கோப்பை கழுவப் போயிருந்தார்கள், பக்கத்தில் யாரும் இல்லை. அவர் டீமேக்கரிடம் சொல்லியிருப்பார் என்று அம்மா நினைத்தாள். அவரோ, கொடுத்ததைப் பற்றி ஊருக்குச் சொல்வது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம். டீமேக்கர் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கையை விரித்துவிட்டார்.

“அவரே ரெண்டு கையால குடுத்தாருங்க” என்றாள் அம்மா.

“யாரு பாத்தா?” என்றார் அப்பா.

“சாட்சி வச்சுக்கிட்டா குடுப்பாங்க?”

“பாத்தவங்க யாரும் இல்லாட்டி நாளைக்கு ஆபீஸ்ல என்னான்னு சொல்லுவ? பேர வெட்டிட்டா இந்தப் புள்ளைங்கள எங்க கொண்டு போறது?”

அம்மா அடுப்படியில் நின்ற என் பக்கம் திரும்பினாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, முந்தானை நுனியால் என் வாயை அழுத்தித் துடைத்தாள். உதடு வலித்தது. சோற்றைப் போட்டாள். நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

இங்கேதான் நான் வாய் திறந்திருக்க வேண்டும். எனக்கும் அவர் தந்தார், இரண்டு கையாலும் தந்தார், இதோ அவர் அட்டை என்று சொல்லியிருக்க வேண்டும். வறுத்த குச்சி டின்னோ, மாதிரிப் பெட்டியோ, அவர் எதைக் கொடுத்தாலும் கூட வைக்கும் சீட்டில் கையெழுத்துக்குப் பதில் அந்தச் சிவப்பு முத்திரையைத்தான் குத்துவார் என்பதும், டீமேக்கர் அதைக் கண்டால் போதும் என்பதும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மிலாறு மட்டும்தான். காலையில் சொல்லலாம், காலையில் சொல்லலாம் என்று படுத்துக் கிடந்தேன்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் ஆபீஸில் விசாரணை. அப்பா வெளியே வாசலில் நின்றார். நானும் தம்பியும் ஜன்னலுக்குக் கீழே கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தோம். உள்ளே தொரை நாற்காலியில், டீமேக்கர் பக்கத்தில், தலைவர் சுவரோரம், நடுவில் அம்மா. மேசை மேல் டின். அதில் முத்திரை இல்லை. முத்திரை என் புத்தகத்துக்குள் இருந்தது.

தொரை நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். “அந்த மனுசன் குடுத்ததுன்னு நீ சொல்றது. நான் பாக்கல்ல. கொழும்புக்குக் கால் போட்டுக் கேக்கிறது. ரெண்டு நாள் போகும். அதுவரைக்கும் வேல நிப்பாட்டு” என்றார். அப்பா வெளியே பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இரண்டு நாள் பொறுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும்.

அப்போது டீமேக்கர் குனிந்து சொன்னார்: “டின்னு மட்டும் இல்லீங்க தொர. அய்யாமாருக்குக் குடுக்க மேசையில இனிப்புப் பெட்டி வச்சிருந்தாரு. அதுலயும் ஒன்னு கொறையுது. வாச்சர அனுப்பி இவங்க காம்பராவப் பாக்கச் சொன்னீங்கன்னா எல்லாம் தெரிஞ்சிரும்.”

என் கால் கல்லிலிருந்து வழுக்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து எங்காவது தண்ணீர்க் கானில் எறிந்துவிடலாமா, இல்லை உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் அம்மா தலையைத் திருப்பி ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தாள்.

“காம்பராவப் பாக்க வேணாங்க தொர” என்றாள். “டின்ன நான்தான் எடுத்தேன்.”

தலைவர் அதிர்ந்துபோய், “என்னம்மா சொல்ற, யோசிச்சு சொல்லு” என்றார்.

“நான்தாங்க எடுத்தேன். அவரு குடுக்கல. கொழும்புக்கெல்லாம் கேக்க வேணாம்.”

அதோடு முடிந்தது. ஒத்துக்கொண்ட பிறகு ஒரு இனிப்புப் பெட்டிக்காக லயத்துக்கு ஆள் அனுப்பத் தொரைக்கு மனமில்லை. தலைவர் கெஞ்சியதால் பேர் வெட்டவில்லை, காம்பரா பிழைத்தது. அம்மாவின் ஸ்டோர் வேலை மட்டும் போனது. மறுநாளே கூடையைக் கட்டி உச்சி மலைக்கு அனுப்பினார்கள். தோட்டத்திலேயே செங்குத்தான, காற்று ஓயாத மலை அதுதான். விசாரணை நடந்த அன்று சாயங்காலம் மிலாறுக் குவியலைத் துழாவிப் பார்த்தேன். துணியும் இல்லை, பெட்டியும் இல்லை. எலி இழுத்துப் போயிருக்கும் என்று நினைத்து, உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் உச்சி மலையில் கொழுந்து எடுத்தாள். மழைக்கு மழை நெஞ்சுச் சளியோடு இருமிக்கொண்டு ஏறினாள். லயத்தில் அவளுக்கு டின்னுக்காரி என்று பேர் விழுந்தது. பள்ளியில் நான் டின்னுக்காரி மகள். அப்பா அந்தப் பொங்கலுக்கு வீட்டில் பானை வைக்கவில்லை. “எடுக்காமலா ஒத்துக்குவா” என்று அவர் தலைவரிடம் சொன்னதைக் கேட்டேன். அவர் சாகும்வரை அப்படித்தான் நம்பினார்.

நானும் நம்பினேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். முதலில் அம்மா எடுத்திருக்கமாட்டாள் என்று தெரிந்தேதான் இருந்தேன். ஆனால் அவளே தன் வாயால் சொன்னாளே. பெரியவர்கள் செய்யாததைச் செய்தேன் என்று சொல்வார்களா என்ன? வருடம் போகப் போக, எனக்கு இனிப்பு தந்தது வேறு, அம்மா டின்னை எடுத்தது வேறு என்று என் மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டால் நான் பேசாமல் இருந்ததில் குற்றமில்லை அல்லவா. எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு நான் படித்து, தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடத்து சாமான்ல கை வச்சிராத, ஆத்தா” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் யாருக்குச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது அந்த நுவரெலியாக் கடைக் கதைக்கு வருகிறேன். அந்த வாசத்தில் உட்கார்ந்துபோன எனக்கு வீட்டில் இருக்கும் அட்டை நினைவுக்கு வந்தது. புத்தகங்கள் போயின, அந்த அட்டை மட்டும் பெட்டி மாறிப் பெட்டி மாறி என்னோடு வந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு தம்பி மகளிடம் போனேன். அவள் போனை அதன் மேல் பிடித்தாள். ஜப்பான் எழுத்து திரையில் தமிழாக மாறியது. தமிழ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு கிடந்தாலும் அர்த்தம் தெளிவாக இருந்தது.

“என்ன அத்தை, அழுறீங்க?” என்றாள் அவள்.

அன்று நேராக லிந்துலை பஸ்தான் ஏறினேன். தம்பி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறான், அம்மா அவனோடு. எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், காது நல்ல காது. கடையில் வாங்கிய வறுத்த குச்சித் தேயிலையை அடுப்படியில் போட்டுக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். முகர்ந்தாள். குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

“இத எங்கேருந்து புடிச்ச?” என்றாள்.

நான் அட்டையில் இருந்ததை வாசித்தேன். பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். ‘குச்சி பொறுக்கும் அம்மாவுக்கு. டின்னில் இருப்பது உங்கள் விரல் பொறுக்கிய குச்சி. நான் வறுத்தேன். உங்கள் வீட்டில் எல்லோரும் குடியுங்கள். பெட்டி உங்கள் மகளுக்கு. மோதகத்துக்கு நன்றி.’

வாசித்து முடித்து, “அவருதாம்மா குடுத்திருக்காரு. நீ எடுக்கலம்மா” என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது வார்த்தை வார்த்தையாய் யோசித்து வைத்திருந்தேன்.

அம்மா நான் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. “பெட்டி மகளுக்குன்னா எழுதியிருக்கு?” என்றாள்.

“ஆமாம்மா. பீலிகிட்ட ஜீப்ப நிப்பாட்டிக் குடுத்தாரு. நீ அடிப்பேன்னு பயந்து சொல்லல.”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்ப நீ களவெடுக்கலையா?” என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“வாயெல்லாம் பச்சை மாவா இருந்துச்சு ஒனக்கு” என்றாள் அம்மா. “சோறு கொண்டாந்தப்ப மேசையிலேருந்து எடுத்திருப்பன்னு நெனச்சேன். சோக்குக்கட்டி எடுத்தவதானே நீ. காம்பராவப் பாக்கணும்னு சொன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. பொட்டப்புள்ளைக்குக் கள்ளின்னு பேர் வந்தா அழியுமா? எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது.” கொஞ்ச நேரம் இருமினாள். “அன்னிக்கே வந்து மிலாறுக்குள்ள தேடி எடுத்து, துணியோட அடுப்புல போட்டுட்டேன்.”

நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். எனக்கும் வயது அறுபதை நெருங்குகிறது, இருந்தாலும் வைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்த சோற்றைத் தின்றுகொண்டு, அவள் என்னைக் கள்ளி என்றும் நான் அவளைக் கள்ளி என்றும் இத்தனை வருடம் நினைத்திருக்கிறோம். அவள் அப்படி நினைத்தும் எனக்காகப் பொய் சொன்னாள். நான் அப்படி நினைத்து அவளோடு பேசாமல் இருந்தேன்.

ஆறிப்போன தேத்தண்ணியை அம்மா எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். என் தலையில் கையை வைத்தாள். பிறகு அந்த மங்கல் கண்ணை அடுப்புப் பக்கம் திருப்பி, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்:

“நீலத்துல அலை அலையா கோடு போட்டிருந்துச்சு. நல்ல துணிடி அது.”